பாட்டியின் பெயருக்கு விலை

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவி ஒருத்தி இப்பொழுது டப்ளின் நகரில் தாதியாகப் பணியாற்றுகின்றாள். அவளுடைய பராமரிப்பில் தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பண்ணைக் கூலி ஒருவரின் மகள். தம் தாயைப் பெற்றவள் எந்த ஊரிலே பிறந்தாள் என்பதை அறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேரி என்ற பெயரும் அவள் பிறந்த குடும்பத்தின் பெயருமே தெரிந்திருந்தன. மாணவி ஓய்வு நேரங்களில் இணையத்திலே தேடத் தொடங்கினாள். "சேர், நீங்களும் ஒருக்கால் பாருங்கோ" என்று ஒரு பக்கத்தை எனக்கும் அனுப்பிவைத்தாள்.

அது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் படிவம். 1901, 1911 ஆகிய இரு ஆண்டுப் படிவங்களையும் அயர்லாந்தின் தேசிய சுவடிக்கூடம் இலவசமாக இணையத்தில் இட்டுள்ளது. குடும்பத் தலைவன் கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கற் குறி. மனைவி மேரிக்கு நேரே மூன்று எண்கள்: மணமாகி 21 ஆண்டுகள், பெற்ற பிள்ளைகள் 11, உயிரோடு இருப்போர் 6. அன்றிரவு நான் விடைத்தாள் திருத்தவில்லை. பிறந்த இடத்துக்குரிய கட்டத்தில் மட்டும் ஊர்ப்பெயர் இல்லை. கவுண்டியின் பெயரே இருந்தது.

இதற்கு முந்திய குடிசன மதிப்புகள் எங்கே? 1922 யூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் பொதுப் பதிவேட்டுக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிசன மதிப்புகளிற் பெரும்பகுதி அதில் அழிந்தது. பின்வந்த நான்கையும் தீ தொடவில்லை, அரசாங்கமே அழித்தது. 1881, 1891ஆம் ஆண்டுப் படிவங்கள் முதலாம் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின! நிலப்பிரபுவின் குலத்துக்கு வம்சாவளி நூல்களும் காணி உறுதிகளும் உண்டு. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் மாண்ட ஏறக்குறையப் பத்து இலட்சம் பேருக்கும், கப்பலேறிய பத்து இலட்சம் பேருக்கும் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோவிற் பதிவேடுகளே.

அப்பதிவேடுகளின் படங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் இலவசமாக வெளியிட்டது. ஆயின் பலவும் இலத்தீனில், மங்கிய மையில் எழுதப்பட்டவை; அவற்றைப் பெயர்வாரியாகத் தேட அங்கே அட்டவணை இல்லை. அட்டவணை வேண்டுமாயின் வேறிடங்களை நாட வேண்டும்; அவற்றிற் பலவற்றில் விலை கொடுக்க வேண்டும். தேடுபொறியும் முதலில் அவ்விடங்களையே காட்டுகின்றது.

பதிவொன்றுக்கு இவ்வளவு என்று விலை வைப்பது யாவர்க்கும் சமமானது போலத் தோன்றும். அப்படியன்று. அரிய பெயருடைய சீமானின் பேரன் ஒரு பதிவைத் திறந்தாற் போதும். மேரி என்பதோ நம் ஊர்ச் செல்லம்மாவைப் போன்ற பெயர். ஒரே பங்கில், ஒரே குடும்பப் பெயரோடு, எத்தனையோ மேரிகள். "ஏழு பதிவுக்குக் காசு கட்டினேன் சேர், ஏழும் வேறை மேரி" என்று எழுதினாள் மாணவி. அந்த ஏழும் அவளுடைய சம்பளத்திற் போனவை. மூதாட்டிக்கு அவள் சொல்லவில்லை.

பழைய எழுத்தைப் படித்து அட்டவணையிடுவது உழைப்பல்லவா, அதற்குக் கூலி வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும், ஆசிரியத் தொழில் செய்யும் நான் அதை மறுப்பேனா? அக்கூலியைப் பொதுப்பணத்திலிருந்து ஒருமுறை கொடுத்துவிடலாம் என்பதே என் வாதம். டப்ளின் அரசாங்கம் 2016இல், பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் பழைய அரச பதிவேட்டுப் பக்கங்களை அட்டவணையோடு இலவசமாக வெளியிட்டது. அதே தீவின் வடபகுதியிலோ பிறப்புப் பதிவின் படத்தைத் திறக்க இன்றும் பணம் கட்ட வேண்டும்.

அந்த இலவசப் பதிவேடே இறுதியில் உதவியது. 1911இலிருந்து 21 ஆண்டுகளைக் கழித்து, 1890ஐ ஒட்டிய விவாகப் பதிவுகளைக் கணவனின் பெயர்கொண்டு தேடினாள். மணமகளின் தந்தை பெயர் இருந்தது; அவர் தொழில், கூலியாள்; வதிவிடமாக ஒரு சிற்றூர். தந்தையின் பெயர் கிடைத்தபின் இலவசப் பிறப்புப் பதிவேட்டில் மேரியை இனங்காண்பது கடினமாக இருக்கவில்லை. அவள் பிறந்ததும் அதே சிற்றூர்தான்.

மாணவி அப்பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூதாட்டி ஊரின் பெயரை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு அவளுடைய உச்சரிப்பைத் திருத்தினாராம்.