தெரிந்தே விற்ற குட்டி

காது கேட்காது என்று தெரிந்தே ஒரு நாய்க்குட்டியை விற்றேன். காவலுக்கு வேண்டும் என்று கேட்டு வந்தவரிடம் விற்றேன். சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு பிறகு நடந்தது. அந்தக் குட்டியைக் கொடுத்த அதே ஜோடியை மறுபடியும் சேர்த்தேன். முதல் தடவை சேர்த்தபோது எனக்கு விவரம் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். விற்றதற்கும், மறுபடி சேர்த்ததற்கும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் ராஜபாளையத்துக்காரன். மில் வேலை போக மிச்ச நேரமெல்லாம் நாய்தான். எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் வெள்ளை நாய் உண்டு. பாளையக்காரர்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். 2005-இல் தபால் துறை இந்திய நாயினங்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு எங்கள் ஊர் நாயும் அதில் இருந்தது. அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவன் நான். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லிப் பேசினார். அதன்பிறகு குட்டி கேட்டு வந்த போன்களுக்கு அளவில்லை. அந்த இனத்தின் மேல் எனக்கு இருந்த பற்று பொய்யில்லை. அந்தப் பற்றை வைத்துக்கொண்டேதான் இதையும் செய்தேன்.

குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மூக்கை. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தங்க நிறக் கண். இந்த மூன்றும் இருந்தால் சுத்தமான ரத்தம் என்று பேர். மூக்கில் மிளகு அளவு கறுப்பு இருந்தால் போதும், "கிராஸா?" என்று கேட்டுவிட்டுக் குட்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். என் பெட்டைக்கு மூக்கு ஓரத்தில் அப்படி ஒரு புள்ளி இருந்தது. அடுத்த ஈத்தில் அந்தப் புள்ளி வரக்கூடாது என்பதற்காக, அவளைப் பெற்ற கடுவனையே அவளுக்குப் போட்டேன். அப்பனுக்கும் மகளுக்கும். எங்கள் வட்டாரத்தில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. லைனைப் பிடிப்பது என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இப்படிச் சேர்த்தால் நடப்பது இதுதான். ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணு, தாய் வழியாக ஒன்றும் தகப்பன் வழியாக ஒன்றுமாகக் குட்டியில் ஜோடி சேர்வதற்கான வாய்ப்பு 25 சதவீதம். நல்ல குணம் அப்படி இரட்டிப்பதைப் போலவே, மறைந்து கிடக்கும் குறையும் இரட்டித்து வெளியே வரும். ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறையும், பிழைப்பவையும் நோஞ்சானாக இருக்கும். எனக்கு வந்த ஈத்து சிறியது. இரண்டு குட்டிகள் பால் குடிக்கத் திராணியில்லாமல் முதல் வாரத்திலேயே போயின. மிச்சமிருந்தவற்றில் ஒரு கடுவன் குட்டி நான் ஆசைப்பட்டபடியே இருந்தது. ஒரு புள்ளி இல்லை. மூக்கு, உதடு, கண்ணிமை எல்லாம் ரோஸ்.

குட்டிகளுக்கு மூன்று வாரம் தாண்டியதும் பாலில் கரைத்த கேழ்வரகுக் கூழைத் தொட்டுவைப்பது எங்கள் வழக்கம். எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் வைக்கிற சத்தத்துக்கு எல்லாக் குட்டியும் விழுந்தடித்து ஓடிவரும். இது மட்டும் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருக்கும். ஒட்டிப் படுத்திருந்த குட்டிகள் எழுந்துபோய், உடம்பில் சூடு விலகிய பிறகுதான் தலையைத் தூக்கும். சுற்றுமுற்றும் பார்த்து, மற்றவை நிற்கிற இடத்துக்கு ஓடும். விளையாட்டில் கடித்தால் விடாது. கடிபட்ட குட்டி வீறிட்டுக் கத்தும். அந்தக் கத்தல்தான் மற்றக் குட்டிகளுக்கு "போதும், விடு" என்று புரியும். இதற்குப் புரியவில்லை. ஒருநாள் ராத்திரி அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். திரும்பவில்லை. என் நிழல் படாத பக்கமாகப் போய்த் தட்டைக் கரண்டியால் தட்டினேன். அது தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஐயனார் கோவில் போகிற சாலைப் பக்கம் தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். தேங்காய் களவு போகிறது, காவலுக்கு ஒரு கடுவன் வேண்டும் என்றார். இந்தக் குட்டியைப் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டார். "காது நல்லாக் கேக்குமா தம்பி?" என்று அவர் கேட்கவில்லை. யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்காததை நான் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். குட்டிக்கு அப்போது 30 நாள்கூட நிறையவில்லை. "தாய்கிட்டப் பால் வத்திருச்சு அண்ணாச்சி, இப்பக் கூட்டிட்டுப் போறதுதான் நல்லது" என்றேன். பால் வற்றவில்லை. இன்னும் நாலு வாரம் வைத்திருந்தால் யார் பார்த்தாலும் குறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் என் அவசரம்.

சில மாதம் கழித்துப் போன் செய்தார். "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது தம்பி." ராஜபாளையம் நாய்க்குப் பிடிவாதம் ஜாஸ்தி, போகப் போகச் சரியாகும் என்றேன். பிடிவாதமும் ஒரு எஜமானுக்கு மட்டும் அடங்குவதும் இந்த இனத்தின் குணம் என்பது ஊரறிந்த உண்மை. அந்த உண்மையைத்தான் என் பொய்க்கு மூடியாகப் போட்டேன். அடுத்த போன் வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது. கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்த நாயைப் பேரன் தொட்டிருக்கிறான். அது திடுக்கிட்டு எழுந்து கையைக் கவ்விவிட்டது.

போய்ப் பார்த்தேன். பையனுக்குப் புறங்கையில் நாலு தையல். தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். நாயைப் பம்புசெட்டு ரூமுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். நல்ல உயரம், நல்ல கட்டு. பார்க்க லட்சணமான நாய். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் நமக்கே காது அடைத்தது. அது அசையாமல் தூங்கியது. என் நிழல் மேலே விழுந்ததும் எழும்பிப் பாய்ந்தது, சங்கிலி இழுத்துக் கழுத்து திருகியது. பெரியவர் திட்டவில்லை. "இதுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்றேன்.

நாயைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. குட்டி கொடுத்தவன், அந்த நாய்க்கு எத்தனை வயதானாலும் எந்தக் குறை வந்தாலும் திரும்ப ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன். நாய் வளர்ப்பில் மற்ற எல்லா விதியும் இதற்கு அப்புறம்தான் என்று இன்று நினைக்கிறேன். அன்று பணத்தைத் திருப்பிக் கேட்பாரோ என்ற பயத்தில் பேச்சை மாற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பெட்டைக்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவரிடம், வேறு யாருடைய நாயோ போல இந்தக் கதையைச் சொன்னேன். அவர் விளக்கமாகச் சொன்னார். தோலுக்கும் மூக்குக்கும் நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள் உட்காதிலும் வேண்டும். அங்கே நரம்புச் செல்களுக்குச் சத்து கொடுக்கிற ரத்தக் குழாய்ப் பகுதியைப் பாதுகாப்பவை அவைதான். அவை இல்லாவிட்டால் குட்டிக்கு மூன்று, நாலு வாரம் ஆகும்போது அந்தப் பகுதி சுருங்கி, காது நிரந்தரமாகப் போய்விடும். வெள்ளை நாயெல்லாம் செவிடு இல்லை. சமோயெட் நாய் உடம்பு முழுக்க வெள்ளை. ஆனால் அதற்கு நிறச் செல்கள் இருக்கின்றன, நிறம் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் நாயில் ரோஸ் மூக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக நாங்கள் துரத்தியது, நிறச் செல்லே இல்லாத நிலையை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு காது மட்டும் கேட்காத நாயை வளர்க்கிறவரால் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்ததில் இரண்டு காதும் கேட்காதவை சுமார் 8 சதவீதம், ஒரு காது மட்டும் கேட்காதவை 22 சதவீதம். இந்த இரண்டாவது வகை நாய் ஓடும், குரைக்கும், கூப்பிட்டால் வரும். குட்டியும் போடும், குறையைக் கடத்தும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் அதற்குக் குழப்பம் இருக்கும். என் கடுவன் எப்போதும் கூப்பிட்டால் முதலில் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வரும். அது ஒரு செல்லப் பழக்கம் என்று நாங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, பெட்டை பருவத்துக்கு வந்தபோது, அதே கடுவனைத்தான் விட்டேன். இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. வேறு காரணம் எதையும் நான் தேடவில்லை, இருக்கவும் இல்லை. இந்த வாக்குமூலத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான்.

அந்த ஈத்திலும் ஒரு பெட்டைக் குட்டிக்குக் காது கேட்கவில்லை. அதை விற்கவில்லை, என்னிடமே இருக்கிறது. தரையைக் காலால் லேசாகத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். தூங்கும்போது முன்பக்கமாகப் போய், முதலில் மூக்குக்கருகே கையைக் காட்டுவோம். மணம் தெரிந்து எழுந்துகொள்ளும். உள்ளங்கையை மடக்கினால் உட்காரும், அகல விரித்தால் நிற்கும். ராத்திரி கொல்லையில் இருந்து கூப்பிட டார்ச்சை இரண்டு தடவை அடித்தால் போதும், பறந்து வரும். சுவர் இல்லாத இடத்தில் கயிறு இல்லாமல் விடுவதில்லை. வேலைக்காரர்கள், வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதுவரை யாரையும் கடித்ததில்லை. கற்றுக்கொடுக்கச் சிரமமே இல்லை. தோப்பு நாய்க்குத் தேவைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பெரியவர் குட்டியை வேண்டாம் என்றிருப்பார், அல்லது தெரிந்து வளர்த்திருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்தப் பையன் கையில் தையல் விழுந்திருக்காது. அந்த நாயும் ஆயுசு முழுக்கச் சங்கிலியில் கிடந்திருக்காது.

ஆயுசு முழுக்க என்று சொல்வது மிகையில்லை. அது செத்த பிறகுதான் எனக்கு அங்கே போக மனம் வந்தது. எல்லாவற்றையும் பெரியவரிடம் சொன்னேன். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி, அதைக் கட்டிப் போட்டே கொன்னுட்டனே" என்றார். என் பாவத்தில் பாதியை அந்த மனிதர் தன் தலையில் சுமந்துகொண்டிருந்தார்.

அப்பன் மகள் ஜோடியை அத்தோடு பிரித்தேன். கடுவனுக்கும் பெட்டைக்கும் அறுவைச் சிகிச்சை செய்தாயிற்று. இனி நான் குட்டி விற்பதில்லை. விற்கிறவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, குட்டி விற்க நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அந்த விதி வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது, படித்தேன், அடுத்தவருக்கு அனுப்பினேன், கடைப்பிடிக்கவில்லை. 8 வாரம் என்பது வெறும் கணக்கு இல்லை. அதற்குள் முதல் பார்வோ தடுப்பூசி போட்டுவிடலாம். கூடப் பிறந்தவற்றோடு விளையாடி எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி பழகிவிடும். காதுக் குறை இருந்தால் வெளியே தெரிந்துவிடும். தலையில் மின்முனை பொருத்தி, ஒவ்வொரு காதிலும் சத்தம் கொடுத்து மூளையின் பதிலைப் பதிவு செய்யும் சோதனையும் ஐந்து வாரம் ஆன பிறகே நம்பகமானது. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்கிற ஊர்க்காரர்களாவது செய்யலாம்.

கெனல் கிளப் சான்றிதழைக் காட்டினால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அப்பன் யார், தாய் யார் என்று அது சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே பேர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று அதை வைத்துப் பாருங்கள். குட்டிக்குக் காது கேட்குமா என்பதற்கு, அது தூங்கும்போது பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். மூக்கில் கறுப்புப் புள்ளி இருக்கிற குட்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் வேண்டாம் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் அப்பனையும் மகளையும் சேர்க்கிறோம்.

என் இரண்டு ஈத்துகளிலும் குட்டி வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாய்க்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்பதுபோலத் தெரிந்தாலும் அதைச் சினைக்கு விடாதீர்கள், கடுவனாக இருந்தாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கருத்தடைக்கு ஆகும் செலவை நான் தருகிறேன். வளர்க்க முடியவில்லை என்று தோன்றினால், என்ன வயதாக இருந்தாலும் என் வீட்டிலேயே கொண்டுவந்து விடுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன்.