ஜாலான் அம்பாஸ் பக்கம் போனால்

சிங்கப்பூர் பாலஸ்டியர் சாலையில் தாவ் சார் பியா சுடும் மணம் இன்னும் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஜாலான் அம்பாஸ் வந்துவிடும், உங்களுக்குத் தெரியாத வழியா? எட்டாம் எண் கேட்டில் முகத்தைப் பதித்து உள்ளே எட்டிப் பார்த்த பிள்ளைகள்தானே நாமெல்லாம். ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ. அங்கே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் அரண்மனை எழும்புகிறது என்று அர்த்தம். மத்தியானத்தில் மலாக்கா சுல்தானின் மந்திரிகள் சரிகை உடுப்போடு கோப்பிக் கடைக்கு வந்து, சாசரில் ஊற்றி கோப்பி ஓ குடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் வாயைத் திறந்தபடி நிற்போம்.

படங்களுக்கு எங்கள் வீட்டில் நாலே பெயர்கள்தான்: ராஜா படம், பேய்ப் படம், சிரிப்புப் படம், அழுகைப் படம். நோன்புப் பெருநாள் நெருங்கினால் எந்தப் படம் வருகிறது என்பதே தெருப் பேச்சு. பணம் சீன முதலாளியுடையது, முகமும் குரலும் மலாய்க்காரர்களுடையது, இயக்கம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுடையது. பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன், பி.என். ராவ், ஃபணி மஜும்தார் என்று டைட்டிலில் ஓடும் பெயர்களை அப்பா சத்தமாகப் படிப்பார். ராஜ்ஹன்ஸின் 'சிந்தா'வில் 1948இல் தலைகாட்டிய பினாங்குப் பையன் பி. ராம்லியை, 1950இல் 'பக்தி'யில் கதாநாயகனாக்கியவர் நம் கிருஷ்ணன். அதைச் சொல்லும்போது அப்பா குரலில் ஒரு நிமிர்வு வரும். மாமியார் கொடுமை, பிரிந்த பிள்ளை, மழையில் ஒரு பாட்டு: மெட்ராஸ் படத்தில் பார்த்த எல்லாமே சோங்கோக்கும் கெபாயாவும் உடுத்திக்கொண்டு அங்கே வந்து நின்றன. அதனால்தான் மலாய் சரியாகப் பேச வராத என் பாட்டிக்கும் ஒரு காட்சிகூடப் புரியாமல் போனதில்லை.

ஆனால் பேய் மட்டும் இந்த மண்ணுடையது. அதற்கு மெட்ராஸ் கடன் கிடையாது. 1957இல் இன்னொரு ஸ்டூடியோவான கேத்தே கெரிஸ் 'பொந்தியானாக்' எடுத்தது. இயக்கம் பி.என். ராவ், பொந்தியானாக் பேயாக மரியா மெனாடோ. வாரக்கணக்கில் ஓடிய படம். கூனல் விழுந்த பெண் மந்திரத்தால் அழகியாகிறாள். ரத்தம் வாயில் பட்டால் போச்சு. பாம்பு கடித்த புருஷனைக் காப்பாற்ற விஷத்தை உறிஞ்சப் போய்த்தான் அவள் பேயாகிறாள். பாட்டி பயப்படவே இல்லை, அழுதாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சீனத்து அம்மாவும் மூக்கைச் சிந்தினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் பயம். கம்பத்து வீட்டின் பின்னால் வாழைத்தோப்பு, கக்கூஸோ அதையும் தாண்டி. காற்றில் கம்போஜா பூ மணத்தால் முடிந்தது கதை. அடுத்த வீட்டு மக்சிக் விளக்கோடு துணைக்கு வந்தால்தான் கால் நகரும். பிடரியில் ஆணி அடித்தால் பொந்தியானாக் பெண்ணாகிவிடும் என்று அவர் சொல்லித் தந்திருந்தார். தலையணைக்குக் கீழே ஆணி வைத்துக்கொண்டு தூங்கிய காலம் அது.

சிரிப்பென்றால் 'புஜாங் லாபோக்' மூவர்: ராம்லி, அஸிஸ் சத்தார், எஸ். ஷம்சுதீன். 1961இல் வந்த 'செனிமான் புஜாங் லாபோக்'கில் நடிக்க வாய்ப்புக் கேட்டு அவர்கள் போவதே நம் ஜாலான் அம்பாஸுக்குத்தான். வாசலில் காவல்கார சிங்கோடு அவர்கள் மலாயில் மல்லுக்கட்டும்போது தியேட்டரே அதிரும், சிங்கு வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்து உருண்டு சிரிப்பார்கள். அடுத்த வருஷமே அதே ராம்லி 'இபு மெர்துவாக்கு'வில் முள்கரண்டியால் தன் கண்களைக் குத்திக்கொண்டார். அன்றைக்குக் காகிதக் கூம்பில் வாங்கிய கச்சாங் பூத்தே யார் கையிலும் குறையவில்லை. அதை விற்றுக்கொண்டிருந்த தமிழ் அண்ணன்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. 1963இல் டெலிவிஷன் வந்தது. இந்தோனேசியாவோடு மூண்ட மோதலில் அங்கிருந்த சந்தை அடைபட்டது. ஹாங்காங்கிலிருந்து கலர் படங்கள் வந்து குவிந்தன. 1964இல் ராம்லி கோலாலம்பூருக்குப் போனார். 1967இல் ஜாலான் அம்பாஸ் கேட்டைப் பூட்டினார்கள். 1947இலிருந்து 150க்கும் மேற்பட்ட படங்கள் பிறந்த இடம் அது. 1973 மே மாதம் ராம்லியும் போய்விட்டார், 44 வயதில்.

இப்போது சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். ஹூவர் தியேட்டர் இல்லை, கம்பம் இல்லை, வாழைத்தோப்பு இல்லை. மலாய்ப் படம் மலாய்க்காரர்களுக்கு, தமிழ்ப் படம் நமக்கு, சீனப் படம் அவர்களுக்கு என்று வீட்டுக்கு வீடு சேனல் பிரிந்துவிட்டது. வேறொருவர் மொழியில் உட்கார்ந்து அழுத பாட்டியை என் பேத்திகளிடம் சொன்னால், சப்டைட்டில் இருந்ததா என்று கேட்கிறார்கள்.

அந்த முதல் 'பொந்தியானாக்' படச்சுருளும் இன்று இல்லை. பிற்பாடு வந்த 'சும்பா பொந்தியானாக்' பிழைத்திருக்கிறது. முதல் படத்தைப் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர் கூடினால் கடைசிக் காட்சி பற்றி இன்னமும் சண்டை வருகிறது. பாட்டி சொன்னது ஒன்று, மக்சிக் சொன்னது வேறொன்று. நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், கடைசி ரீல் ஞாபகத்தில் இருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள்.