காடு பார்க்கப் போன கதை

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் எம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான். "எங்கை கூட்டிக்கொண்டு போகப் போறியள்?" கோவிலுக்குக் கூட்டிப் போகலாம், கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் வகுப்பில் கூட இருக்கும் பிள்ளைகள் எங்கெங்கோ போய் வந்த கதைகளைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். புதிதாக வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் பாவம்.

2014ஆம் ஆண்டு ஆவணி மாதம். என் சித்தியின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, இரண்டு பிள்ளைகளோடு வன்னியிலிருந்து இங்கே வந்து நான்கு மாதம். புருசன் 2010இல் வந்து, மூன்று வருடம் காத்திருந்து, வதிவிட அனுமதி கிடைத்த பின்னர்தான் குடும்பத்தை அழைத்திருந்தார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு ஐந்தரை. மச்சான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. ஆகவே பிள்ளைகளின் விடுமுறை என் தலையில் விழுந்தது. மருமகன் எங்கோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மாமா, லண்டனிலை காட்டுக்குள்ளை லொறியிலை கூட்டிக்கொண்டு போய் மிருகம் காட்டுறாங்களாம். உண்மையோ?"

உண்மைதான். தென்மேற்கு லண்டனின் விளிம்பில் செஸிங்ரன் என்று ஓர் இடம். அங்கே 1931இல் றெஜினால்ட் கொடார்ட் என்பவர் தொடங்கிய தனியார் மிருகக்காட்சிச்சாலை 1987இல் இராட்டினங்களோடு கூடிய பெரிய கேளிக்கைப் பூங்காவாக மாறியது. மிருகங்களும் அங்கேயே இருக்கின்றன. 2013இல் அதற்குள் 'சுஃபாரி' என்ற பெயரில் புதிய சவாரி ஒன்றைத் திறந்தார்கள். பக்கவாட்டில் அடைப்பில்லாத லொறியில் ஏற்றி, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை உலாவும் வெளியினூடாகக் கொண்டு போவார்கள். ஓட்டுநரே வழிகாட்டி. ஆபிரிக்காவுக்குப் போக முடியாதவர்களுக்கு லண்டனுக்குள் ஓர் ஆபிரிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுக்காரருக்கு இது புதிய ஆசையல்ல. 1966இல் லோங்லீற் என்ற பிரபுவின் தோட்டத்தில் சிங்கங்களைத் திறந்தவெளியில் விட்டு, சனங்களைக் காருக்குள் வைத்துப் பூட்டிக் காட்டினார்கள். எண்பதுகளில் வந்த எம்மவர்கள் விண்ட்சர் சஃபாரிப் பூங்காவுக்குப் போன கதையை இன்றும் சொல்வார்கள். அது 1992இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 1996இல் லெகோலாண்ட் வந்தது. எனக்கோ தெகிவளை ஞாபகம். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய், பின்னேரம் யானைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் அதையே கதைத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சந்தோசத்தில் பாதியாவது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

பதிவு செய்யும் விசயத்தைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். புதிதாக வந்தவர்கள் காசை வீணாக்குவது இதில்தான். இப்படியான இடங்களுக்கு வாசலில் போய் நின்று ரிக்கற் வாங்கினால் விலை கூட. கணினியில் முன்கூட்டியே பதிந்தால் கணிசமாகக் குறையும். காலையுணவுத் தானியப் பெட்டிகளில் 'ஒரு பெரியவர் இலவசம்' என்று கூப்பன் வருவதுண்டு, அதையும் எறிந்துவிடாமல் வையுங்கள். பதியும்போது திகதியை இரண்டு தரம் பாருங்கள். நான் முதலில் தெரிவு செய்த நாள் தங்கச்சிக்கு வேலைவாய்ப்பு நிலையத்தில் கையெழுத்து வைக்கும் நாள். என் மகள் பக்கத்தில் இருந்தபடியால் தப்பினோம். "அப்பா, கிளிக் பண்ணமுதல் வாசியுங்கோ" என்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஏச்சு வாங்குவதும் ஒரு படிப்புத்தான்.

இன்னொன்று. பூங்காவுக்குள் போகும் ரிக்கற்றில் சவாரிகள் அடங்கும். மிருகங்களைப் பராமரிப்பவரோடு கூடிப்போய் உணவு கொடுப்பது போன்றவற்றுக்குத் தனிப் பதிவு, தனிக் காசு, வயதுக் கட்டுப்பாடும் உண்டு. எங்கள் குடும்பக் கணக்குக்கு அது சரிவராது என்று விட்டுவிட்டோம். பெரிய இராட்டினங்களுக்குப் பிள்ளையின் உயரத்தை அளப்பார்கள். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துகொண்டு போனால் வரிசையில் நின்று அழ வேண்டியதில்லை. இதய வருத்தம், முதுகு, கழுத்து நோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று பல சவாரிகளின் வாசலில் எழுதியிருக்கும். நான் எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொன்னேன். தங்கச்சி "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அண்ணை" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அவள் எங்கிருந்து வந்தவள் என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

ரூட்டிங்கிலிருந்து 57ஆம் இலக்க பஸ்ஸில் கிங்ஸ்ரனுக்குப் போய், அங்கிருந்து 71இல் ஏறினோம். வோட்டலூவிலிருந்து செஸிங்ரன் சவுத் வரை ரயிலும் இருக்கிறது, ஆனால் பஸ் மலிவு, 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசே இல்லை. தங்கச்சி சில்லறையைக் கையில் பொத்திக்கொண்டு வந்திருந்தாள். அந்த வருடம் யூலை 6ஆம் திகதியிலிருந்து லண்டன் பஸ்களில் சில்லறைக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒய்ஸ்ரர் அட்டையை எப்படித் தொடுவது என்று மகன்தான் தாய்க்குக் காட்டிக் கொடுத்தான்.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லாப் பெரிய இடங்களிலும் நடப்பதுதான். தங்கச்சி பிள்ளைகள் இருவரையும் தனக்கு முன்னால் நிறுத்தினாள். பையைத் திறந்து, புட்டுப் பெட்டியின் மூடியையும் கழற்றி, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றாள். காவலுக்கு நின்ற பெண் சிரித்து, "வேண்டாம், வேண்டாம், போங்கோ" என்ற மாதிரிக் கை காட்டினாள். தங்கச்சி கையை இறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மருமகள் ஏற்கனவே உள்ளே ஓடிவிட்டாள்.

முதலில் புலிகளைப் பார்க்கப் போனோம். கண்ணாடிக்கு அப்பால் ஒன்று வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது. மருமகன் உச்சக் குரலில் "அம்மா! புலி! புலி!" என்று கத்தினான். தங்கச்சி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைத் தவிர ஒருவரும் இல்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. இத்தனைக்கும் இலங்கைக் காடுகளில் புலியே இல்லை. நாங்கள் புலி என்று சொல்லிப் பழகியது சிறுத்தையைத்தான். "இனிக் கத்தட்டுமோ?" என்று பொடியன் கேட்டான். "கத்து, கத்து" என்றேன்.

பிறகு லொறி. வரிசையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நின்றோம். புட்டுப் பெட்டி அங்கேயே காலியாகிவிட்டது. லொறிக்குள் நீள நீளமாக வாங்குகள், மேலே கூரை, பக்கங்கள் திறந்தபடி. ஓட்டுநர் ஒலிவாங்கியில் பகிடி விட்டபடி ஓட்டினார். பாதையை வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாகப் போட்டிருந்தார்கள். காண்டாமிருகம் இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுள்ள பிராணி, எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் புல்லுத் தின்றுகொண்டு நின்றது. ஒட்டகச்சிவிங்கி நடக்கிற நடை அலாதி. அவசரமே இல்லாத பெரிய மனிதர்கள் கலியாண வீட்டுக்குள் வருகிற மாதிரி.

தண்ணீர் ஓரமாகப் பூநாரைகள் கூட்டமாக ஒற்றைக்காலில் நின்றன. ஓட்டுநர் அவற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கமுதலே தங்கச்சி என் கையைத் தட்டினாள். "அண்ணை, இதுகள் எங்கட சுண்டிக்குளத்துக்கு வாறதெல்லே! மாரியிலை கடலேரி முழுக்க நிக்கும்." சுண்டிக்குளம் 1938லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் அவள் கலியாணம் முடித்துப் போயிருந்தாள். லண்டனுக்கு வந்த பிறகு அவள் ஒன்றைப் பார்த்து 'எங்கட' என்று சொன்னது அன்றுதான்.

நான் சந்தோசத்தில் இருந்தேன். அடுத்து வந்ததைப் பற்றி நினைக்கவேயில்லை.

சவாரியின் கடைசிப் பகுதியில் லொறி வழி தவறியதுபோல் ஒரு குகைக்குள் போகும். எல்லாம் நடிப்பு. இருட்டும், லொறி குலுங்கும், பெரிய சத்தத்தோடு தண்ணீர் பாயும். பிள்ளைகள் கூக்குரலிட்டுச் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். வெளியே வெளிச்சத்துக்கு வந்தபோது தங்கச்சி வாங்கில் இல்லை. கீழே, கால் வைக்கிற இடத்தில், மகளை நெஞ்சுக்குள் அமத்திக்கொண்டு, தன் முதுகை மேலே வளைத்துக் குந்தியிருந்தாள். மகனின் காற்சட்டையை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. பிள்ளை மூச்சு முட்டி "அம்மா, விடுங்கோ" என்றது.

2009 தை மாதத்தில் அந்தப் பிள்ளை கைக்குழந்தை. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று உழவுயந்திரப் பெட்டியிலும் நடையிலும் பங்கருக்குள்ளும் அவளைக் காவித்திரிந்தவள் இந்தத் தாய். இருட்டும் குலுக்கமும் பெருஞ்சத்தமும் ஒன்றாக வந்தால் உடம்பு தானாகவே செய்யப் பழகியதை அது செய்தது. நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தேன். மச்சானுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. அது வெட்கமான எண்ணம், ஆனாலும் எழுதுகிறேன்.

அவளை ஒரு மரத்தடி வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். ஓட்டுநர் இறங்கி வந்து, "உங்கள் தங்கைக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். போர் நடந்த இடத்திலிருந்து வந்தவள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏறமுதல் தன்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று விளக்கியிருப்பேன், குடும்பத்தில் ஒருவர் வெளியே காத்திருக்கவும் விட்டிருப்பேன் என்றார். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன்: வேலை செய்பவர்களிடம் முதலே கேளுங்கள். இருட்டு இருக்கிறதா, வெடிச்சத்தம் இருக்கிறதா, நடுவில் இறங்கலாமா? ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. சிறுபிள்ளை ஏற முடியாத சவாரிகளில் தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறவும் ஒழுங்கு செய்து தருவார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "காடு எனக்குப் பயமில்லை அண்ணை. காட்டுக்குள்ளை நாங்கள் யானைக்குத்தான் பயந்தம். அதுக்கும் வழி தெரியும். இலத்தி சூடாய்க் கிடந்தால் கிட்டடியிலை நிக்குது, திரும்பிப் போயிடலாம். இது காடில்லை." நான் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது பிள்ளைகள் பஸ்ஸில் நித்திரை. மருமகன் மட்டும் இடைக்கிடை எழும்பி, காண்டாமிருகத்துக்கு இரவில் குளிராதா என்று கேட்டுக்கொண்டு வந்தான். சூடாக்கிய கொட்டில் இருக்கும் என்றேன். "எங்கட அறையைவிடச் சூடாய் இருக்குமோ?" என்றான்.

அதன் பிறகு செஸிங்ரனுக்கு அவள் போகவில்லை. யானை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது விப்ஸ்னேட்டுக்குப் போனோம். லண்டன் மிருகக்காட்சிச்சாலை தன் யானைகளை 2001இல் அங்கேதான் அனுப்பியது. ஆனால் அவளுக்குப் பிடித்த இடத்தைக் காசில்லாமலே கண்டுபிடித்தோம்: ரிச்மண்ட் பூங்கா. 1637இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் தன் வேட்டைக்காக மதில் கட்டி அடைத்த 2,500 ஏக்கர். அறுநூறுக்கு மேற்பட்ட மான்கள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. பூங்காவின் நண்பர்கள் சங்கத்தினர் இலவசமாக வழிகாட்டி நடைகள் நடத்துகிறார்கள். மான்களிலிருந்து 50 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். புரட்டாதியிலிருந்து கார்த்திகை வரை ஆண்மான்கள் மூர்க்கமாக இருக்கும், அந்த நாட்களில் இன்னும் கவனம். குட்டிகள் பிறக்கும் வைகாசி, ஆனி, ஆடியிலும் அப்படித்தான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அப்படியொரு நடைக்கு நாங்கள் நால்வரும் போனோம். பன்னங்காட்டுக்கு அப்பாலிருந்து பெரிய உறுமல் ஒன்று கேட்டது. எனக்குத்தான் நெஞ்சு திக்கென்றது. தங்கச்சி நின்று, நிலத்தைப் பார்த்து, புதிதாய்க் கிடந்த புழுக்கையைக் காலால் காட்டி, "உதுக்குள்ளைதான் நிக்குது. மரை மாதிரி ஒண்டு" என்றாள். நூறு யார் போகமுதல் பெரிய கொம்போடு அது வெளியே வந்தது. வழிகாட்டியாக வந்த முதிய பெண்மணி ஆச்சரியப்பட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்க்காமல் தங்கச்சி தானே ஆங்கிலத்தில் சொன்னாள்: "மை வில்லேஜ், பிக் ஜங்கிள்."

பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டாள்: "அண்ணை, கிங்ஸ்ரனிலை 65 எந்தப் பக்கத்திலை நிக்கும்? பிள்ளையள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் தனிய ஒருக்கால் வந்து பார்க்கப் போறன்."