தவாளிப்பும் தூசும்

கலைப்பீடத்து மாணவனொருவன் மோட்டார் வண்டியின் கிளச்சைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். யாப்பும் அணியும் கற்கவேண்டியவனுக்கு இரும்போடு என்ன உறவு என வினவுவோரும் உளர். என் சிறிய தந்தையார் யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்துபவர். சென்ற ஆண்டு அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் முதலிற் கேட்டது, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதே. அக்கேள்விதான் மகாவலிக்கு அப்பாலுள்ள பொறியியற் பீடத்து நண்பர்களிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

எஞ்சின் ஓயாது சுழல்வது. சில்லுகளோ நிலத்தில் அசையாது நிற்பவை. இரண்டையும் சடுதியாகப் பிணைத்தால் வண்டி துள்ளும், அன்றேல் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே, எஞ்சினோடு சுழலும் பறப்புச் சில்லுக்கும் வில்லினால் அழுத்தப்படும் அமுக்கத் தட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப்பொருள் பதித்த தட்டொன்றை வைக்கின்றனர். மிதியை மெல்ல விடும்போது அத்தட்டு முதலில் வழுக்குகின்றது, பின்னரே பற்றுகின்றது. பற்றுதல் எளிது, வழுக்கிக்கொண்டே பற்றுதல்தான் அரிது. வழுக்கும்போதுள்ள உராய்வு, நிலைத்து நிற்கும்போதுள்ள உராய்விலும் மிகக் குறைந்துவிடும் பொருளாயின், தட்டு பற்றுவதும் நழுவுவதுமாகி வண்டி முழுவதும் நடுங்கும். உராய்வுக் குணகம் 0.3 அல்லது 0.4 அளவில் இருக்கவேண்டும். அது சூட்டில் தளரவும் கூடாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸினுள் சில வேளைகளில் எழும் கருகல் நாற்றத்தை நம்மிற் பலர் அறிவோம். உராய்வுப்பொருளைப் பிணைத்து நிற்கும் பிசின் கருகும் நாற்றம் அது. அப்பிசின் வாயுவாகி இரு முகங்களுக்கும் இடையே புகுந்தால் பிடி தளரும். முகமும் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும்.

இத்தகைய பொருளைத் தேடியோருள் இங்கிலாந்தின் ஹேர்பேட் புறூட் குறிப்பிடத்தக்கவர். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கங்களிற் பழைய சப்பாத்தைச் சில்லில் அழுத்தி வேகம் தணிப்பதைக் கண்டு, 1897இல் அவர் தடுப்புக்கட்டைகள் செய்யத் தொடங்கினார் என்பர். பிசின் ஊட்டிய பருத்தி நெசவு கூடிய சூட்டிற் கருகியது. அவ்விடத்தைப் பின்னர் கல்நார் பிடித்துக்கொண்டது. கிளச்சினுள்ளும் அதுவே புகுந்தது. கல்நார் எரியாது, நூலாக நெய்யலாம், பிசினோடு இறுகப் பிணையும், விலையும் மலிவு. வெப்பத்தைக் கடத்தவெனப் பித்தளைக் கம்பியையும் அதனோடு சேர்த்து நெய்தனர். இத்துணை நற்குணங்களும் ஒருங்கே பொருந்திய பொருள் பிறிதொன்று கிடைப்பது அரிதாகவே இருந்திருக்கும்.

இனித் தவாளிப்புகளுக்கு வருவோம். உராய்வுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெட்டப்பட்ட ஒடுங்கிய கால்களையே அவ்வாறு அழைக்கின்றோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு உதிரிப்பாகம் கிடையாது. பழைய கிளச் தட்டில் வேறெதற்கோ செய்த லைனிங்கை வெட்டி றிவெற் அடித்துப் பொருத்துவாராம் சிறிய தந்தையார். அது வழுவழுப்பாக இருந்தால் இரும்பரியும் வாளால் தாமே கால் கீறுவார். "அரிஞ்சு எடுத்தால் பிடி குறையாதே சித்தப்பா?" என்று அண்மையில் ஒருநாள் கேட்டேன். "குறையாது தம்பி. அரியாட்டித்தான் தட்டு சில்லோடை ஒட்டிக்கொண்டு விடாது. காத்துப் போகவர வழி வேணும்" என்றார்.

அவர் கூற்றை நண்பனொருவன் கணக்காக எழுதிக் காட்டினான். அழுத்தும் விசை 4,000 நியூற்றன், குணகம் 0.3, சராசரி ஆரை 10 சதமமீற்றர், முகங்கள் இரண்டு. கடத்தப்படும் திருப்புதிறன் 240 நியூற்றன் மீற்றர். இக்கணக்கிற் பரப்பளவு எங்குமே வரவில்லை! உராய்வு விசை தொடும் பரப்பைச் சார்ந்ததன்று என 1699இல் பிரான்சின் அமொந்தோன் கூறிய விதியே இது. பரப்புக் குறைந்தால் எஞ்சிய இடத்தில் அமுக்கம் கூடும், தேய்வும் சற்றுக் கூடும். பிடி ஏறத்தாழ அப்படியே நிற்கும். எண்ணெயில் மூழ்கிச் சுழலும் மோட்டார் சைக்கிள் கிளச்சில் இதே தவாளிப்பு எண்ணெயை விரைந்து வெளியேற்றித் தட்டுகளைத் தொடச்செய்கிறது, சூட்டையும் கொண்டுபோகிறது.

உலர்ந்த கிளச்சில் அதற்கு இன்னொரு பணியும் உண்டு. தேய்ந்த துகள் முகத்தில் தங்காது, சுழற்சியின் வேகத்தில் அக்கால் வழியே வெளியே எறியப்படும். அது கிளச் உறையினுட் படிந்து கிடக்கும், எவரேனும் திறக்கும்வரை. திறந்தவர் என் சிறிய தந்தையார். திறந்ததும் வாயால் ஊதுவார்; காற்றடிக்கும் குழாய் வந்தபின் அதனால் ஊதினார். உராய்வின் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி இயல்பு மாறிவிடும் என்கின்றனர், எல்லாம் மாறுவதில்லை. வாளால் அரிந்தபோது பறந்ததோ சூடே காணாத புதுநார். கண்ணுக்குத் தெரியாத அந்நார் நெஞ்சிற் புகுந்து இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் செய்யவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் விதித்த தடை 2005இன் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று கண்ணாடிநார், அரமிட் நார் முதலியன அவ்விடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் பழைய வண்டிகளினுள் எது கிடக்கிறதென்று திறப்பவர் அறியார்.

சிறிய தந்தையாரின் நெஞ்சிலுள்ள வடு இதனால் வந்ததென நான் அறுதியிட மாட்டேன். முப்பது ஆண்டு பீடி குடித்தவர் அவர். வைத்தியரும் அறுதியிடவில்லை.

கடந்த விடுமுறையில் பழைய லொறியொன்றின் கிளச்சைத் திறந்தோம். அவர் காற்றுக் குழாயை எடுக்குமுன் நான் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். "உதென்ன, கோயில் விளக்கே துடைக்கிறாய்?" என்று சிரித்தார்; சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றவர், பின்னர் வந்து என் கையிலிருந்த துணியை வாங்கி வாளித் தண்ணீரில் மறுபடி நனைத்தார்.