மருந்தடிக்காத மலை

ஜூன் 14

வட்டவளையில் மழை விட்டபாடில்லை. மருமகன் லீவில் வந்திருக்கிறான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை பழகுகிறவன். இராத்திரி ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது டோக்கியோவில் உள்ள லெஃபெர்வெசென்ஸ் என்ற பிரெஞ்சு உணவகத்தைப் பற்றியே பேச்சு. 2010இல் ஷினோபு நமாயே தொடங்கியது. இப்போது மிஷலின் மூன்று நட்சத்திரம். அங்கே பெயர்போன சாப்பாடு இறைச்சியுமில்லை, மீனுமில்லை. முழுசாக ஒரு டர்னிப். குறைந்த சூட்டில் நாலு மணி நேரம் வேகவைத்து, கடைசியில் வெண்ணெயில் சிவக்க வாட்டுகிறார்கள். "முறை பிரெஞ்சு, கிழங்கு ஜப்பான், மாமா" என்றான். அவன் கண்ணில் இருந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 15

டர்னிப்புக்குப் பதிலாக ஹட்டன் சந்தையில் நல்ல பிஞ்சு நோக்கோல் கிடைத்தது. மருமகன் அதை அடுப்பு ஓரத்தில், தணல் சூட்டில், மத்தியானம் முழுக்க வைத்திருந்தான். தோல் சீவி, துண்டு போட்டு, வெண்ணெயில் புரட்டி, கல்லுப்பு தூவினான். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. நோக்கோலுக்கு இவ்வளவு இனிப்பு உண்டா! அம்மா ஒரு துண்டை மென்றுவிட்டு, "விறகு எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். பிறகு இன்னொரு துண்டு எடுத்தார்.

ஜூன் 17

நமாயே ஹொக்கைடோவில் மிஷேல் ப்ராஸின் உணவகத்தில் வேலை பார்த்தவர். ப்ராஸ், பிரான்சின் ஒப்ராக் மேட்டுநிலத்துக்காரர். தன் மலையின் கீரை, பூ, காய்களைக் கொண்டே ஒரு தட்டை அமைத்து உலகத்துக்குக் காட்டியவர். ஆக, ஜப்பான்காரர் பிரான்சிடமிருந்து எடுத்துக்கொண்டது வெண்ணெயை மட்டுமல்ல, சொந்த மண்ணைப் பார்க்கும் பார்வையையும்தான்.

நம் மலையில் அதற்கான மேசை இருக்கிறது. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்துப் பழைய துரை பங்களாக்களை டில்மா தேயிலைக் குடும்பத்தார் 2005இல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்று விடுதிகளாக்கினார்கள். 1954இல் பிரான்சில் தொடங்கிய ரெலே ஷாட்டோ என்ற விடுதி, உணவக அமைப்பில் அதுவும் சேர்ந்திருக்கிறது. தேயிலையைச் சமையலிலும் சேர்க்கிறார்கள். நல்லதுதான். இப்படிப்பட்ட பங்களாக்களில் துரைமார் காலத்திலேயே சூப்பும் ரோஸ்டும் புடிங்கும் செய்து கைபழகியவர்களில் நம் ஆட்களும் உண்டு. அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

ஜூன் 19

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மருமகன் தன் அம்மாயியோடு, அதாவது என் அம்மாவோடு, மலைக்குப் போனான். நானும் கூடப் போனேன். அம்மா கொழுந்தெடுப்பதை விட்டு வருஷங்களாகியும், எந்த நிரையில் வல்லாரை இருக்கும், எங்கே மணத்தக்காளி முளைக்கும் என்று கால் தானாகப் போகிறது. ஒரு பள்ளத்தில் பச்சைப் பசேலென்று வல்லாரை. அவன் குனியப் போனதும், "அது மருந்தடிச்ச மலை, தொடாதே" என்று கையைப் பிடித்து நிறுத்தினார்.

மருந்து என்றால் களைகொல்லி. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் இலங்கை முழுக்கத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டார்கள். களைகொல்லிக்குக் களை எது, கீரை எது என்று தெரியாது. இந்த மண்ணின் சாப்பாட்டைப் பெரிய மேசைக்குக் கொண்டுபோக நினைக்கும் எந்தச் சமையல்காரரும், எந்த மலை சுத்தம் என்பதை முதலில் கொழுந்தெடுக்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். அது சும்மா கிடைக்கும் அறிவு இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் வருஷக்கணக்காக நின்று வந்தது. அதற்குக் கூலி வேண்டும், மரியாதையும் வேண்டும்.

ஜூன் 20

மருந்தடிக்காத மேட்டு மலையில் அம்மா பறித்த வல்லாரையை மருமகன் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினான். பெரிய குக்கிடம் காட்டப் போகிறானாம். சாப்பாட்டு அட்டையில் பறித்தவர் பெயரைப் போடச் சொல்வாயா என்று கேட்டேன்.

"கேட்டுப் பார்க்கிறேன் மாமா."

"கிலோவுக்கு அவருக்கு என்ன விலை என்றும் கேள்" என்றேன்.