பேரனின் கம்ப்யூட்டரும் மயில்துத்தமும்



சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் என் மகள் வயிற்றுப் பேரன், கம்ப்யூட்டர் சூடு தணிய உள்ளே தண்ணீர் ஓடும்படி தானே அமைக்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பம்பு, குழாய், ரேடியேட்டர், பிராசஸர் மேல் உட்காரும் பிளாக் எல்லாம் வாங்கிவிட்டான். பிளாக் செம்பு. ரேடியேட்டர் மட்டும், மலிவாகக் கிடைத்ததென்று அலுமினியம்.

எனக்குச் சுருக்கென்றது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டோமே, ஞாபகமிருக்கிறதா? ஏறக்குறைய அதே சமாசாரம். இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீர் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

"அலுமினியம் துருப்பிடிக்காதே தாத்தா?"

துரு வேறு, அரிப்பு வேறு என்றேன். முகம் சுண்டிவிட்டது. கடையில் திரும்ப எடுக்கவில்லை. செம்பு ரேடியேட்டருக்குப் பாதிப் பணம் நான் போட்டேன்; அவன் அம்மா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

நம் ஊர் உப்புத்தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினோம். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு நாள் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்தேன். ஒரு மூட்டின் கீழே நாலணா அகலத்துக்கு ஈரம்!

எழுப்பினேன். இறுக்கினான். மறுபடியும் முதலிலிருந்து ஒரு நாள்.