மங்கலான படத்தில் தெரியும் இஸ்தான்புல்

இஸ்தான்புல் போகிறவர்கள் நீல மசூதி, அயா சோஃபியா, கிராண்ட் பஜார் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே ஊரில் இன்னொரு பாதையும் இருக்கிறது. 2000-களில் துருக்கியை டிவி முன்னால் கட்டிப்போட்ட க்ரைம் சீரியல்களும், அந்தக் காலத்து விசிடிகளும் நடமாடிய பாதை. அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

தொடக்கம், சிர்கேஜி. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற ரயில் நிலையம் இங்கேதான் இருக்கிறது. அருகிலேயே தோவுபாங்க் வணிக வளாகம். டிவி, கேமரா, ரேடியோ என்றால் இஸ்தான்புல்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வந்த இடம் அது.

விசிடியை அங்கே ‘வேஜேதே’ என்பார்கள். 1993-ல் தரம் நிர்ணயிக்கப்பட்ட அந்தத் தட்டில் 74 நிமிடப் படம்தான் அடங்கும். படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். இன்றைய செல்போன் திரையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது! இருட்டில் கார் துரத்தல் வந்தால் திரை கட்டம் கட்டமாக உடையும். வில்லன் துப்பாக்கியை நீட்டும் நேரம் பார்த்து முதல் தட்டு தீர்ந்துவிடும். யாராவது எழுந்துபோய் இரண்டாவதைப் போட வேண்டும்.

அங்கிருந்து எமினோனு படகுத்துறையைத் தாண்டினால் கலாத்தா பாலம். மேலே தூண்டில்காரர்கள், கீழே மீன் உணவகங்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து நடைபாதைகளில் துணி விரித்துத் திருட்டு விசிடி விற்றார்கள். 2004-ல் சட்டம் திருத்தப்பட்டது. சாலை, சந்தை, நடைபாதை, படகுத்துறை, பாலம் என்று எங்கேயும் தட்டு விற்கக் கூடாது என்று இடம் இடமாகப் பெயர் சொல்லித் தடை வந்தது.

அதே 2004-ல்தான் ‘குர்த்லார் வாதிசி’ சீரியலில் சாக்கிர் என்ற தாதா சுட்டுக் கொல்லப்பட்டான். ‘ஓநாய்களின் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் அந்த சீரியல் 2003-ல் தொடங்கியது. மாஃபியாவுக்குள் ஊடுருவும் உளவாளியின் கதை. இறந்தது கற்பனைப் பாத்திரம் என்று தெரிந்தும், சாக்கிருக்காக இறுதித் தொழுகை நடத்தினார்கள் ரசிகர்கள். நாளிதழில் இரங்கல் விளம்பரமும் வந்தது.

பாலம் இறங்கினால் கராக்கோய். அங்கே 1875-ல் திறக்கப்பட்ட ‘துனெல்’ சுரங்க ரயில் ஏறினால், ஒன்றரை நிமிடத்தில் மேட்டின் உச்சி. எதிரே இஸ்திக்லால் வீதி. அதன் கிளைச் சந்துகளில் ஒன்றுதான் யெஷில்சாம் தெரு. துருக்கி சினிமா உலகத்துக்கே பெயர் கொடுத்த தெரு. அங்கிருந்த எமெக் திரையரங்கு, மக்கள் போராடியும் 2013-ல் இடிக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஷாப்பிங் மால். பழைய அரங்கின் அலங்காரத்தோடு ஒரு புது அரங்கை அதன் மேல்மாடியில் கட்டியிருக்கிறார்கள்.

இஸ்திக்லாலுக்குப் பின்புறம் தார்லாபாஷி. பால்கனிக்குப் பால்கனி துணி காயும் ஏழைகளின் குடியிருப்பு. 2006-ல் இதன் ஒரு பகுதி புனரமைப்புக்காக அறிவிக்கப்பட்டது. வரிசை வரிசையாக வீடுகள் காலியாயின. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய போலீஸ் சீரியலின் பெயர் ‘ஆர்கா சொகாக்லார்’. பொருள், பின் தெருக்கள்! ரிஸா பாபா என்று எல்லோரும் அழைக்கும் அதிகாரியும் அவர் குழுவும் குற்றவாளிகளைத் துரத்தும் அந்தத் தொடர், 600 எபிசோடுகளைத் தாண்டி ஓடியிருக்கிறது.

இந்தத் தொடர்களின் மதிப்பு கதையில் மட்டும் இல்லை. ஹீரோ ஓடும்போது பின்னால் தெரியும் டீக்கடை, மளிகைக் கடை, பெயர்ப்பலகை, மாடிப்படி எல்லாம் நிஜம். வீட்டைக் காலி செய்து போனவர்கள் தங்கள் தெருவைப் படம் பிடித்து வைத்திருக்க வாய்ப்பில்லை. அன்றைக்குப் பல குடும்பங்களிடம் கேமராவே இல்லை. ஆனால், எங்கோ ஒரு துரத்தல் காட்சியில், மூன்று விநாடி, அவர்கள் வாசல் வந்துபோயிருக்கலாம்.

விசிடி ப்ளேயர் இப்போது பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. லேப்டாப்பில் தட்டு போடும் இடமே கிடையாது. சீரியல்கள் மட்டும் யூடியூபில் கிடைக்கின்றன. இஸ்தான்புல் டிக்கெட் போடுவதற்கு முன் ஓர் எபிசோடு பாருங்கள். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை, ஹீரோவை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருக்கும் தெருவைப் பாருங்கள்.